டெபியனா, ஃபெடோராவா, ரோலிங்கா? வேலைக்கான கணினியில் எது பழையதாக இருக்கலாம், எது புதிதாக இருக்க வேண்டும்

நூல்வடிவம்:

வணக்கம் நண்பர்களே. புத்தக வடிவமைப்புதான் என் தொழில். பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ், படம் வரைய இங்க்ஸ்கேப், படம் திருத்த ஜிம்ப், எழுத லிப்ரே ஆபிஸ் நான்கும் நாள் முழுக்கத் திறந்தே இருக்கும். கடையில் இரண்டு பழைய கணினிகள் விண்டோஸ் 10-ல் ஓடின. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் அவற்றில் இல்லை. ஆகவே லினக்ஸ். மூன்றாவது கணினி புதியது, என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060 கிராஃபிக்ஸ் கார்டு போட்டது.

எந்த விநியோகம், அதாவது எந்தக் குழு தொகுத்துத் தரும் லினக்ஸ் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். டெபியன் போட்டுவிட்டு மறந்துவிடு என்கிறார் ஒருவர். இரண்டு வருடப் பழைய மென்பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், புதியது வரவர மாறிக்கொண்டே இருக்கும் ரோலிங்குக்குப் போ என்கிறார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் எனக்கு நியாயம் தெரிகிறது.

ஸ்கிரைபஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1.4 வரிசையில் தமிழ் ஒழுங்காக வராது. 'கெ', 'கே' என்று எழுதினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும். 2017-ல் வந்த 1.5.3-ல்தான் எழுத்துகளை அடுக்கித் தரும் ஹார்ஃப்பஸ் நூலகம் வழியாக இந்திய மொழிகளுக்கும் அரபிக்கும் சரியான எழுத்துக்கோப்பு கிடைத்தது. ஆனால் 1.5 வரிசை முழுவதும் வளர்ச்சிப் பதிப்பு என்ற எச்சரிக்கையோடுதான் வந்தது. நிலையான 1.6.0 வெளியானது 2024 ஜனவரியில். ஆக, ஆறு வருடங்களுக்கு மேல் தமிழ்ப் புத்தகம் போடுகிறவர்களுக்கு நிலையான பதிப்பால் எந்தப் பயனும் இல்லை. சோதனைப் பதிப்புதான் சோறு போட்டது.

மறுபக்கமும் உண்டு. ஒரு நூல் மூன்று முறை பிழைதிருத்தம் பார்த்து, பொருளடக்கத்தில் பக்க எண் போட்டு, சொல்லடைவும் முடித்து அச்சுக்குக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் ஓர் அப்டேட்டால் வரி மடிவது மாறினால் போச்சு. ஒரு பத்தி ஒரு வரி நீண்டால் போதும், அத்தியாயம் முழுக்க நகரும்.

பதிப்பு எண்ணை விடுங்கள். இந்த இரண்டு தேவைகளையும் ஒரே கணினியில் எப்படி வைத்துக்கொள்வது? அதுதான் என் கேள்வி.

முனையம்:

நல்ல கேள்வி. டெபியன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அதைத்தான் பல ஆண்டுகளாக வேலைக்கு வைத்திருக்கிறேன்.

டெபியனில் ஒரு பேக்கேஜ், அதாவது நிறுவுவதற்காகக் கட்டிய நிரல், முதலில் சிட் என்கிற அன்ஸ்டேபிளுக்குள் போகும். அங்கே பெரிய பிழை எதுவும் பதிவாகவில்லை என்றால் வழக்கமாக 5 நாளில் டெஸ்டிங்குக்கு இறங்கும். அவசரத் திருத்தம் என்றால் 2 நாள், அவசரமில்லை என்று குறித்தால் 10 நாள். சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்டிங்கைப் படிப்படியாக உறைய வைப்பார்கள். டெபியன் 13-க்கு 2025 மார்ச் 15-ல் உறைதல் தொடங்கியது, வெளியீடு ஆகஸ்ட் 9. இடைப்பட்ட மாதங்களில் வேலை முழுக்கப் பிழை நீக்கம்தான்.

ஸ்டேபிள் என்ற பெயரில் வெளியான பிறகு டெபியன் தரும் வாக்குறுதி, இன்று ஒரு நிரல் எப்படி நடந்துகொள்கிறதோ அப்படியே இந்த வெளியீடு முடியும்வரை நடந்துகொள்ளும் என்பது. பிழையே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பாதுகாப்பு ஓட்டை வந்தால் புதிய பதிப்பை அப்படியே கொண்டுவர மாட்டார்கள். அந்தத் திருத்தத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுவார்கள். பேக்போர்ட் என்பது இந்த வேலைதான். ஃபயர்ஃபாக்ஸ் மாதிரி சிலவற்றுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் அதன் நீண்ட கால ஆதரவுப் பதிப்பான ஈஎஸ்ஆர் சுமார் ஆண்டுக்கு ஒருமுறை அங்கேயும் மாறுகிறது.

உங்கள் இரண்டு பழைய கணினிகளுக்கு டெபியன் 13 கச்சிதம். ஸ்கிரைபஸ் 1.6, ஜிம்ப் 3.0, லிப்ரே ஆபிஸ் 25.2 எல்லாம் அதிலேயே இருக்கின்றன. ஜிம்ப் 3.0 வெளிவந்ததே மார்ச் 2025-ல்தான். ஸ்டேபிள் என்றாலே தூசி படிந்தது என்பது வெளியான நாளில் உண்மையில்லை. இரண்டாம் ஆண்டின் கடைசியில்தான் அது உண்மையாகும்.

5060-க்கு மட்டும் டெபியன் 13 சரிவராது. அதோடு வெளியான என்விடியா டிரைவர் 550 வரிசை. உங்கள் கார்டுக்கு 570 அல்லது அதற்கு மேல் வேண்டும். இங்கே எவ்வளவு வாதாடினாலும் பயனில்லை, அந்த டிரைவரில் கார்டு ஓடாது.

ஓடும்நீர்:

முனையம் அண்ணா சொன்ன நடைமுறை எல்லாம் சரி. ஆனால் அவர் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது. இரண்டு ஆண்டு எதுவும் மாறாது, பிறகு ஒரே நாளில் எல்லாம் மாறும்.

டெபியன் 12-லிருந்து 13-க்குப் போனவருக்கு என்னென்ன மாறியது என்று பாருங்கள். வன்பொருளை இயக்கும் மையப் பகுதியான கெர்னல் 6.1-லிருந்து 6.12. திரையின் இடைமுகங்களில் க்னோம் 43-லிருந்து 48. பிளாஸ்மா 5.27-லிருந்து 6.3, அதோடு அடியில் இருக்கும் க்யூட்டி நூலகம் 5 போய் 6. ஜிம்ப் 2.10 போய் 3.0. 2.10-க்காக எழுதப்பட்ட பழைய செருகுநிரல்கள் பல அதில் ஓடாது. ஒரு மாலை நேரத்தில் இத்தனையும் மாறிய பிறகு எங்கோ ஏதோ வேலை செய்யவில்லை என்றால், இந்த நூறு மாற்றங்களில் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் வைத்திருப்பது ஓப்பன்சூசே டம்பிள்வீட் என்கிற ரோலிங் விநியோகம். மாற்றம் வாரத்துக்குச் சில முறை, சிறிது சிறிதாக வருகிறது. ஸ்னாப்ஷாட் எனப்படும் ஒவ்வொரு தொகுப்பும் ஓப்பன்க்யூஏ என்கிற தானியங்கிச் சோதனையில் தேற வேண்டும். அது உண்மையிலேயே ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவி, உள்நுழைந்து, நிரல்களைத் திறந்து, திரையில் தெரிவதை எதிர்பார்த்த படத்தோடு ஒப்பிடுகிறது. தேறாவிட்டால் வெளியே வராது. அதையும் மீறி ஏதாவது உடைந்தால், பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஸ்னாப்பர் எடுத்து வைத்த முந்தைய நிலையைக் கணினி துவங்கும் பட்டியலிலேயே தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். இன்று காலை உடைந்தது என்றால் காரணம் இன்று காலை வந்ததில்தான் இருக்கும்.

ஸ்கிரைபஸ் 1.5.3 மாதிரி ஒன்று நாளை வந்தால், தமிழுக்காகக் காத்திருக்கிற எனக்கு அது ஒரு வாரத்தில் கிடைக்கும். நிலையான வெளியீட்டில் இருப்பவர் அடுத்த வெளியீடு வரை காத்திருக்க வேண்டும்.

ஆய்வகம்:

நான் பள்ளியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே வகுப்பில் நாற்பது பிள்ளைகள். செய்முறைக் கையேட்டில் எங்கே சொடுக்க வேண்டும் என்று படம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு மெனு இடம் மாறினால் நாற்பது கை தூக்கும், அந்தப் பாடவேளை அத்தோடு முடிந்தது.

எனக்கு ஜூன் முதல் ஏப்ரல் வரை திரையில் எதுவும் மாறக் கூடாது. மே விடுமுறையில் எவ்வளவு பெரிய மாற்றம் வந்தாலும் கவலையில்லை, ஒரு வாரம் உட்கார்ந்து கையேட்டை மாற்றி எழுதிவிடுவேன். ஓடும்நீர் தம்பி குறையாகச் சொன்ன 'ஒரே நாளில் எல்லாம் மாறும்' என்பதுதான் எனக்கு வேண்டியது. அந்த நாளை நான் தேர்ந்தெடுக்க முடிகிறது அல்லவா.

ரோலிங்கில் அந்தத் தேர்வு என் கையில் இல்லை. அப்டேட்டை நிறுத்தி வைத்தால் பாதுகாப்புத் திருத்தமும் வராது.

கரிசல்:

எங்கள் ஊரில் இணைப்பு என்றால் கைப்பேசி ஹாட்ஸ்பாட் மட்டும்தான். ஒரு நாளைக்கு 2 ஜிபி, அதற்குமேல் வேகம் செத்துவிடும். டம்பிள்வீட்டில் நிரல்களைக் கட்டும் கம்பைலர் மாறினால் எல்லாப் பேக்கேஜும் மறுபடி கட்டப்பட்டு ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். டெபியனில் ஒரு மாத அப்டேட்டை ஒரே நாளில் முடித்துவிடுவேன். இதையும் கணக்கில் சேருங்கள்.

பூட்டுசாவி:

பாதுகாப்பு என்று வந்தால் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவார்கள். நான் மூன்றையும் சொல்கிறேன்.

முதலாவது, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரல். 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுக்கும் மேலாக நல்ல பங்களிப்பாளராக நடந்து நம்பிக்கை பெற்ற ஒருவர் செய்த வேலை. ஃபெடோரா 40-இன் சோதனைப் பதிப்பு, டெபியன் சிட், டெஸ்டிங், டம்பிள்வீட் எல்லாவற்றுக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. டம்பிள்வீட்டில் சுமார் மூன்று வாரம் இருந்தது. ஓப்பன்க்யூஏ அதைப் பிடிக்கவில்லை, பிடிக்கவும் முடியாது. திரையில் எதுவும் மாறவில்லையே. டெபியன் 12-ல் இருந்தது 5.4 வரிசை என்பதால் அது தப்பியது. உபுண்டு 24.04-இன் பீட்டா இதற்காகவே ஒரு வாரம் தள்ளிப்போனது.

இதைக் கேட்டதும் ஸ்டேபிள் வென்றது என்று எழுதிவிடாதீர்கள். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் நிரலாளர். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் தோண்டி, மார்ச் 29 அன்று அறிவித்தார். அவர் அதைக் கண்டது டெபியன் சிட்டில். புதியதை ஓட்டுகிற ஒருவர் அங்கே இருந்ததால்தான் அது ஸ்டேபிள் வரை இறங்காமல் நின்றது. எல்லோரும் பழையதிலேயே இருந்திருந்தால் அது உபுண்டு 24.04-க்குள்ளேயே போய், பிறகு டெபியன் 13-க்கும் வந்திருக்கலாம்.

இரண்டாவது, டெபியன் 12.3. அப்படி ஒரு வெளியீட்டுக்கான நிறுவல் வட்டு உங்களிடம் இருக்காது. 2023 டிசம்பர் 9 அன்று வரவேண்டியது. 6.1.64 கெர்னலில் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் தரவு சிதையும் பிழை இருப்பது கடைசி நேரத்தில் தெரிந்து வட்டு வெளியீட்டை நிறுத்தினார்கள். மறுநாளே திருத்திய கெர்னலோடு 12.4 வந்தது. காரணம்தான் கவனிக்க வேண்டியது. புதிய கெர்னலில் இருந்த ஒரு திருத்தத்தைப் பழைய 6.1-க்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் திருத்தம் சரியாக வேலை செய்ய அதற்கு முந்தைய இன்னொரு மாற்றமும் தேவை. அது 6.1-ல் இல்லை. புதிய கெர்னலில் இல்லாத பிழை, பழையதைப் பாதுகாக்கப் போனதால் பழையதில் வந்தது.

மூன்றாவது, மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம். 2006-ல் ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்துவதற்காக டெபியனில் செய்த சிறு மாற்றம், சாவி உருவாக்கும்போது வேண்டிய தற்செயல்தன்மையை அநேகமாக அழித்துவிட்டது. 2008 மே 13-ல் அறிவிக்கும்வரை உருவான சாவிகளில் ஒவ்வொரு வகைக்கும் 32,767 மட்டுமே சாத்தியம். ஒரு சாதாரணக் கணினி எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடும். மூல நிரலாளர்கள் எழுதாத ஒன்றை விநியோகத்தில் சேர்ப்பதற்கு இப்படியும் விலை உண்டு.

ஆக, பழையது பாதுகாப்பு, புதியது ஆபத்து என்றும் சொல்ல முடியாது, தலைகீழாகவும் சொல்ல முடியாது. பிழை வந்தால் எத்தனை மணி நேரத்தில் திருத்தம் உங்கள் கணினிக்கு வருகிறது, திருத்துகிறவர் யார், பின்னால் திரும்ப வழி இருக்கிறதா. இந்த மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மொழிக்கோப்பு:

நான் க்னோம், கேடிஇ மென்பொருள்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பில் பங்களிக்கிறேன். இந்த விவாதத்தில் எங்கள் நிலையை யாரும் சொல்வதில்லை, அதனால் எழுதுகிறேன்.

க்னோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வருகிறது. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்னால் சரங்கள், அதாவது திரையில் வரும் சொற்றொடர்கள், உறையும். அந்த இடைவெளியில் உட்கார்ந்து முடிப்போம். டெபியன் 12-ல் இருந்தது 2022 செப்டம்பரின் க்னோம் 43. அதற்கடுத்து 44, 45, 46, 47 என்று நாலு வெளியீடுகளுக்குச் செய்த தமிழ் வேலை டெபியன் ஸ்டேபிளில் இருந்தவர்களுக்கு 2025 ஆகஸ்டு வரை போய்ச் சேரவே இல்லை. 2023-ல் ஓர் அபத்தமான சொல்லை நீக்கிவிட்டு நல்ல சொல்லைப் போட்டிருப்போம். 2025-ல் ஒருவர் வந்து அந்த அபத்தத்தைக் காட்டி, தமிழ் இடைமுகமே வேண்டாம் என்று ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டேன் என்பார். வலிக்கிறது.

நிரல் எழுதுகிறவர்களுக்கும் இதே வருத்தம். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற திரைக்காப்பு நிரலை எழுதிய ஜேமி சவின்ஸ்கி, டெபியன் தன் நிரலின் பழைய பதிப்பைத் தருவதால் ஏற்கெனவே திருத்திய பிழைகளைப் பற்றியே கடிதம் வருகிறது என்று மனம் நொந்து, அதை டெபியனிலிருந்தே எடுத்துவிடும்படி 2016-ல் கேட்டார். 'இந்தப் பதிப்பு மிகப் பழையது' என்று திரையில் எச்சரிக்கும் வரியையும் அதில் வைத்திருந்தார். டெபியன்காரர்கள் கோபப்பட்டார்கள். இரண்டு பக்கத்தையும் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் தன் உழைப்பின் பழைய வடிவத்துக்கு இன்றும் பதில் சொல்லிக்கொண்டிருப்பவரின் சலிப்பு எனக்குக் கூடுதலாகப் புரிகிறது.

உபுண்டுவில் மொழிபெயர்ப்பு தனி மொழித் தொகுப்பாக இருக்கிறது. நிரலைத் தொடாமல் மொழியை மட்டும் பிறகு புதுப்பிக்க முடியும். ஆய்வகம் டீச்சருக்குத் தேவையான அசையாத நிரலும் எங்களுக்குத் தேவையான நல்ல தமிழும் ஒரே இடத்தில் சாத்தியம் என்பதற்கு இதுவே சான்று. மற்ற விநியோகங்களும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

ஆய்வகம்:

மொழிக்கோப்பு சொன்னதை நான் யோசித்ததே இல்லை. சொல் மட்டும் திருந்தினால் என் பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது, கையேட்டில் ஒரு படம்தான் மாறும். அதற்கு நான் தயார்.

நடுவழி:

இரண்டு முனையிலும் பேச ஆள் இருக்கிறது, நடுவில் இருப்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

உபுண்டுவின் நீண்ட கால ஆதரவு வெளியீடான எல்டிஎஸ் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஆனால் அதில் கெர்னலும் கிராஃபிக்ஸ் அடுக்கும் மட்டும் இடையில் நகரும். 24.04 வெளியானபோது கெர்னல் 6.8. 2025 பிப்ரவரியில் வந்த 24.04.2-ல் 6.11, ஆகஸ்டில் வந்த 24.04.3-ல் 6.14. இதை எச்டபிள்யூஇ என்பார்கள். என்விடியாவின் புதிய டிரைவர் வரிசைகளும் எல்டிஎஸ்ஸுக்கே வருகின்றன. லினக்ஸ் மின்ட் 22.2 இதே அடித்தளம், அதே 6.14 கெர்னல். நூல்வடிவம் நண்பரின் 5060-க்கு இது பொருந்தும். வன்பொருளைத் தொடுகிற பகுதி புதிது, நீங்கள் கண்ணால் பார்க்கிற பகுதி அப்படியே.

எல்டிஎஸ் வந்த அன்றே தாவாதீர்கள். பழைய எல்டிஎஸ்ஸில் இருப்பவர்களுக்கு உபுண்டுவே முதல் திருத்த வெளியீடு வந்த பிறகுதான் மேம்படுத்தச் சொல்லி அறிவிப்புக் காட்டுகிறது. 24.04-க்கு அது 2024 ஆகஸ்டு கடைசியில் வந்தது. அந்த நான்கு மாதத்தைப் பொறுத்திருப்பது நல்லது.

இரண்டு எல்டிஎஸ்ஸுக்கு நடுவே வரும் இடைக்கால வெளியீடுகளை வேலைக்கணினியில் போடாதீர்கள். 25.10-ல் அடிப்படைக் கட்டளைகளை ரஸ்ட் மொழியில் எழுதிய புதிய தொகுப்புக்கு மாற்றினார்கள். அதில் தேதிக் கட்டளையில் இருந்த ஒரு பிழையால் சில கணினிகளில் புதுப்பிப்பு இருக்கிறதா என்று தானாகப் பார்ப்பதே நின்றுபோனது. விரைவில் திருத்திவிட்டார்கள். அடுத்த எல்டிஎஸ்ஸுக்குள் போவதற்கு முன் இப்படிப் பட்டவை வெளியே வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்த வெளியீடுகள் இருக்கின்றன. ஒன்பது மாத ஆதரவு மட்டுமே தருவதும் அதனால்தான்.

விண்டோஸிலும் இதே கதைதான். 2018 அக்டோபர் 2-ல் வெளியான 1809 புதுப்பிப்பு சிலருடைய ஆவணக் கோப்புகளையே அழித்தது. சில நாளில் நிறுத்தி, நவம்பர் 13-ல் மறுபடி விட்டார்கள். முன்னோட்டச் சோதனையாளர்கள் சிலர் அதை முன்பே எழுதியிருந்தார்கள், யார் கண்ணிலும் படவில்லை.

நூல்வடிவம்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. பழைய இரண்டிலும் டெபியன் 13, புதியதில் மின்ட் 22.2 என்று போகலாமென்று நினைக்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம். டெபியனில் ஸ்கிரைபஸ் 1.6 இருக்கிறது, சரி. நாளைக்குத் தமிழுக்குத் தேவையான ஏதோ ஒன்று 1.8-ல் வந்தால்? விநியோகத்தைச் சாராமல் நிறுவும் ஃபிளாட்பேக்கில் அதைப் போட்டுக்கொள்ளலாமா? என் எழுத்துருக்கள் அதில் தெரியுமா? தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யுமா?

முனையம்:

தெரியும். கணினியில் நிறுவிய எழுத்துருக்களையும் உங்கள் தனிக் கோப்புறையில் போட்டவற்றையும் ஃபிளாட்பேக் உள்ளே காட்டும். தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ் வழியாகத் தட்டச்சு செய்ய போர்ட்டல் என்ற இணைப்பு வழி இருக்கிறது. ஆனாலும் வேலையைத் தொடங்குவதற்கு முன் நீங்கள் பயன்படுத்தும் விசைப்பலகை அமைப்பில் ஒரு பத்தி அடித்துப் பாருங்கள்.

உங்களைப் போன்ற வேலைக்கு நான் ஃபிளாட்பேக்கைவிட ஆப்இமேஜைச் சொல்வேன். ஸ்கிரைபஸ் திட்டமே ஆப்இமேஜ் கோப்பைத் தருகிறது. ஒரே கோப்பு, நிறுவ வேண்டாம், தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஒரு நூலை எந்த ஆப்இமேஜில் தொடங்கினீர்களோ அந்தக் கோப்பை அந்த நூலின் கோப்புறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்து இரண்டாம் பதிப்பு வந்தால் அதே நிரலில் அதே பக்கங்களைத் திறக்கலாம். புதிய நூலைப் புதிய பதிப்பில் தொடங்குங்கள். 1.5-ல் சேமித்த கோப்பை 1.4-ல் திறக்க முடியாமல் போனது உங்களுக்கே தெரிந்திருக்கும். எதிலிருந்து எதற்குப் போகிறோம் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஒரே எச்சரிக்கை. சில ஆப்இமேஜ்களுக்குப் பழைய ஃபியூஸ் 2 நூலகம் வேண்டும், புதிய வெளியீடுகளில் அது தானாக இருக்காது. தனியாக நிறுவிக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து டெபியன் 13-ல் ஒரு பேக்கேஜுக்காக சிட் களஞ்சியத்தைச் சேர்க்காதீர்கள். ஒன்றை இழுத்தால் அது தன் நூலகங்களை இழுக்கும், அவை எல்லா நிரலுக்கும் அடியில் இருக்கும் சி நூலகம் வரை போகும். பிறகு அது ஸ்டேபிளும் இல்லை, சிட்டும் இல்லை, யாராலும் உதவ முடியாது. புதிய கெர்னல் வேண்டுமென்றால் பேக்போர்ட்ஸ் களஞ்சியம் இருக்கிறது. அதில் இருப்பவை டெஸ்டிங்கிலிருந்து எடுத்து ஸ்டேபிளுக்காகவே மறுபடி கட்டப்பட்டவை.

மொழிக்கோப்பு:

எழுத்துருவை மறந்துவிட்டீர்கள் அண்ணா. ஸ்கிரைபஸ் பதிப்பு அப்படியே இருந்தாலும் நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஒன்றின் புதிய பதிப்பில் ஓர் எழுத்தின் அகலம் சற்றே மாறினால் வரி மடிவது மாறும். டெபியன் ஒரு வெளியீட்டுக்குள் எழுத்துருவை மாற்றாது. ஆனால் 13-லிருந்து 14-க்குப் போகும்போது மாறலாம். நூலின் கோப்புறையில் ஆப்இமேஜோடு எழுத்துருக் கோப்பையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓடும்நீர்:

நான் ரோலிங்கில்தான் தொடர்வேன். ஆனால் இந்த ஆப்இமேஜ் யோசனையைப் பார்த்த பிறகு ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அடித்தளம் எது என்பது நான் நினைத்த அளவுக்கு முக்கியமில்லை. நூல்வடிவம் நண்பருக்கு வேண்டியது அந்த ஒரு நிரலும் அந்த ஓர் எழுத்துருவும் அசையாமல் இருப்பது. அது டம்பிள்வீட்டிலும் முடியும், டெபியனிலும் முடியும்.

மின்ட்டில் கணினியின் நிலையைச் சேமித்துவைக்கும் டைம்ஷிஃப்டை முதல் நாளே அமைத்துவிடுங்கள். நிறுவும்போது வட்டைப் பிடிஆர்எஃப்எஸ் ஆகப் பிரித்தால் ஸ்னாப்ஷாட் நொடியில் முடியும். ஈஎக்ஸ்டி4 என்றால் கோப்புகளை நகலெடுக்கும், இடமும் நேரமும் கூடுதலாகும், ஆனால் வேலை செய்யும். அது கணினியைத்தான் காக்கும், உங்கள் நூல்களை அல்ல. நூல்களுக்குத் தனி வட்டில் நகல் வேண்டும்.

பூட்டுசாவி:

5060 கணினியில், துவங்கும்போது நம்பகமான நிரலா என்று சரிபார்க்கும் செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய. அணைக்க வேண்டியதில்லை. டிரைவர் மேலாளர் தரும் என்விடியா டிரைவரைப் போடுங்கள். இந்தக் கார்டு தலைமுறைக்குத் திறந்த கெர்னல் மாட்யூல் உள்ள வகைதான் வேண்டும், பெயரின் கடைசியில் 'ஓப்பன்' என்று இருக்கும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை துவங்கும்போது வரும் நீலத் திரையில் அதைக் கொடுத்துச் சாவியைச் சேர்க்க வேண்டும். அந்தத் திரையைத் தவறவிட்டால் டிரைவர் ஏறாது.

நூல்வடிவம்:

குறித்துக்கொண்டேன். ஏற்கெனவே அச்சான ஒரு நூலின் கோப்பை டெபியனிலும் மின்ட்டிலும் அதே ஆப்இமேஜில், அதே எழுத்துருவோடு திறந்து, இரண்டிலிருந்தும் பிடிஎஃப் எடுத்து, அச்சுக்குப் போன பிடிஎஃபோடு ஒப்பிடப் போகிறேன். பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்க்காமல் ஒப்பிட ஏதாவது கருவி இருக்கிறதா?

முனையம்:

டிஃப்பிடிஎஃப் என்று ஒன்று டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. இரண்டு கோப்பையும் கொடுத்தால் மாறிய பக்கங்களை மட்டும் காட்டும். சொற்களை ஒப்பிடாமல் தோற்றத்தை ஒப்பிடும் முறையைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் பிடிஎஃபிலிருந்து உரையை எடுக்கும்போது கொம்பும் காலும் வரிசை மாறி வரும், அதை நம்ப முடியாது. சொல்லடைவு உள்ள நூலாகத் தேர்ந்தெடுத்துச் சோதியுங்கள். வரி நகர்ந்திருந்தால் முதலில் அங்கேதான் தெரியும்.